நேக்கு

அப்பா மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். நேக்கு உள்ளவர்கள், நேக்கு இல்லாதவர்கள். இந்தப் பிரிவினையில் படிப்பு, பணம், வயது எதற்கும் இடமில்லை. பூந்தமல்லி பஸ் நெரிசலில் படிக்கட்டில் இறங்குகிறவனிலிருந்து பிரதம மந்திரிவரை எல்லோரும் இதற்குள் அடங்கிவிடுவார்கள். நான் இரண்டாவது பிரிவில் சேர்க்கப்பட்டவன். பதினோரு வயதில் சேர்க்கப்பட்டேன். மேல்முறையீடு கிடையாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர் அவர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் பூப்பந்து ஆட்டக்காரர். பூப்பந்து என்றால் இன்றைய வாசகர் இறகுப்பந்தை நினைத்துக்கொண்டுவிடக் கூடும். இது வேறு. மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், கூரையில்லாத மண் தரை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம். 1970இல் பிச்சையாவுக்கு இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது கிடைத்தது. ஒலிம்பிக்கில் கிடையாது, ஆசிய விளையாட்டில் கிடையாது. ஆனால் தென்னிந்தியாவின் ஆலைகளிலும் ரயில்வேயிலும் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது. கம்பளிப் பந்துக்குக் காற்று எஜமானன். அடித்தவன் நினைத்த இடத்துக்கு அது போகாது. காற்று நினைத்த இடத்துக்கும் முழுக்கப் போகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இறங்கும். ஐந்து பேரில் நடுவில் நிற்பவனை சென்டர் என்பார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். முன்னவர் விட்டதும் பின்னவருக்கு எட்டாததும் சென்டருடையது. அப்பா சென்டர். பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்புமுன் அப்பா கிளம்பிவிடுவார் என்று அவரோடு ஆடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதுதான் நேக்கு.

ஆங்கிலத்தில் இதை இன்ஸ்டிங்க்ட் என்கிறார்கள். நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் உள்ளுணர்வு என்று எழுதுகிறார்கள். கிரிக்கெட் பேசும் பையன்கள் கேம் சென்ஸ் என்கிறார்கள். நான் இங்கே நேக்கு என்றே எழுதப்போகிறேன். ஏனைய சொற்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு கொள்கையைச் சுமந்துகொண்டிருப்பவை. இந்தச் சொல்லில் அந்தச் சுமை குறைவு.

அப்பாவின் உலகத்தில் நேக்கு இல்லாதவர்களின் பட்டியலில் முதல் பெயர் ரவி சாஸ்திரி. காரணம் 1986 செப்டம்பர் 22. அன்று திங்கட்கிழமை. முதல் ஷிப்டு முடித்துவிட்டு, எஸ்டேட் வாசல் டீக்கடையில் டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் அப்பாவும் நின்றார். நான் பிறந்ததே அதற்கு நான்கு வருஷம் கழித்துத்தான். ஆனாலும் அந்த ஓவரை நான் அங்கே நின்று கேட்டதுபோலச் சொல்ல முடியும். எத்தனையோ ராத்திரிச் சாப்பாடுகளின்போது அந்த ஓவர் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வீசப்பட்டிருக்கிறது.

சரித்திரத்தைச் சரித்திரமாகச் சொல்லிவிடுகிறேன். சேப்பாக்கத்தில் செப்டம்பர் 18ஆம் தேதி தொடங்கிய டெஸ்ட். ஆஸ்திரேலியா முதலில் ஆடி 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தது. டீன் ஜோன்ஸ் 210. வெயிலிலும் ஈரப்புழுக்கத்திலும் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் நின்று, ஆட்டமிழந்தபின் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றப்பட்ட இன்னிங்ஸ் அது. இந்தியா 397. அதில் கபில்தேவ் 119. ஆஸ்திரேலியா இரண்டாம் முறை 5 விக்கெட்டுக்கு 170. நாலாம் நாள் ஸ்கோரோடு ஆலன் பார்டர் டிக்ளேர் செய்துவிட்டார். கடைசி நாளில் குறைந்தது 87 ஓவர்களில் 348 எடுக்க வேண்டும். கவாஸ்கர் 90 எடுத்தார். தொடர்ச்சியாக அவர் ஆடிய நூறாவது டெஸ்ட் அது. அமர்நாத் 51, அசாருதீன் 42. பிறகு விக்கெட்டுகள் சரிய ஆரம்பித்தன. 331இல் சேத்தன் சர்மா, 334இல் கிரண் மோரே, 344இல் சிவலால் யாதவ். கடைசி ஆளாக மணீந்தர் சிங் வந்தார். உலகத்தின் எந்த அணியிலும் பதினோராவது ஆளாகவே இறங்கியிருக்கக்கூடியவர்.

87ஆவது ஓவர். கிரெக் மாத்யூஸ் வீசுகிறார். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றவர் என்று அந்த டெஸ்டில் பெயர் வாங்கியவர். வெற்றிக்கு 4 ரன். எதிரே சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் 2 ரன். மூன்றாவதில் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து மறுமுனைக்குப் போய்விட்டார். ஸ்கோர் சமம். மூன்று பந்து பாக்கி, ஒரு ரன் தேவை, மட்டை மணீந்தரின் கையில். நாலாவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜூவின் விரல் உயர்ந்தது. டை. டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்கு முன் ஒரே ஒரு தடவை, 1960இல் பிரிஸ்பேனில் நடந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

அப்பாவின் வாதம் எளிமையானது. ஆடத் தெரிந்தவன் 48 ரன்னோடு எதிர்முனையில் சும்மா நின்று வேடிக்கை பார்த்தான். ஆடத் தெரியாதவன் ஆடினான். எந்தச் சென்டராவது தன் பந்தைப் பின்னால் நிற்கும் சோப்ளாங்கிக்கு விடுவானா? இதற்கு டீக்கடையிலேயே எதிர்வாதம் வந்திருக்கிறது. ஸ்கோரைச் சமமாக்கிவிட்டால் இனித் தோல்வி இல்லை; சாஸ்திரி இரண்டு ரன்னுக்கு முயன்று அவுட்டாகியிருந்தால் ஒரு ரன்னில் தோல்வி. சாஸ்திரியும் பின்னாளில் இந்தத் தர்க்கத்தைத்தான் சொன்னார். இந்த எதிர்வாதத்தைச் சொன்ன ஃபிட்டருடன் அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. கணக்கு சரியாக இருக்கலாம், ஆட்டத்தில் கணக்குப் பார்க்கிறவனுக்கு நேக்கு இல்லை என்பது அவர் கட்சி.

நான் ரொம்ப காலம் அப்பாவின் கட்சியில்தான் இருந்தேன். வேறு கட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு இந்த ஓவரைத் தனியாக யோசித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. ஐந்தாவது பந்தில் மணீந்தர் எப்படியோ ஒரு ரன்னைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? தோல்வியை முதலில் சாத்தியமில்லாமல் செய்துவிட்டு வெற்றியைத் தேடிய சாஸ்திரியின் அபாரமான ஆட்ட நுணுக்கம் என்று எழுதியிருப்பார்கள். அதே மூன்றாவது பந்து, அதே ஓட்டம். இரண்டு பந்து கழித்து இன்னொருவனுக்கு நடப்பது, முன்னால் ஓடியவனுக்கு நேக்கு இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்கிறது. நேக்கு என்பது ஆட்டத்தில் இருப்பதைவிட ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் ஞாபகத்தில்தான் அதிகம் இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் முளைத்தது.

பிரிஸ்பேனை எடுத்துக்கொள்வோம். 1960 டிசம்பர் 14. கடைசி ஓவர், ஸ்கோர் சமம், கடைசி ஜோடி. லிண்ட்சே கிளைன் பந்தைத் தட்டிவிட்டு ஓட, மறுமுனையிலிருந்து மெக்கிஃப் ஓடிவருகிறார். பக்கவாட்டிலிருந்து ஜோ சாலமன் எறிகிறார். அவர் நின்ற கோணத்தில் மூன்று ஸ்டம்பும் ஒன்றாகத்தான் தெரியும். நேராகப் போய் அடித்தது. சற்று முன்னால் டேவிட்சனையும் அவர் இப்படித்தான் எறிந்து அவுட்டாக்கியிருந்தார். பிரிட்டிஷ் கயானாவின் போர்ட் மௌரண்ட் கரும்புத் தோட்டக் கிராமத்தில், இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வம்சத்தில் பிறந்தவர் சாலமன். ரோஹன் கன்ஹாயும் அதே கிராமம்தான். சாலமனின் எறிதல் ஒரு இஞ்ச் விலகியிருந்தால் அவரைப் பற்றி இன்று யாரும் பேசப்போவதில்லை. கன்ஹாய் பேசப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார், அது வேறு. ஆனால் ஒரே அரைமணிக்குள் இரண்டு தடவை அடித்தவனை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. நேக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

உயிரியலில் இன்ஸ்டிங்க்ட் என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் உண்டு. டின்பெர்கன் 1951இல் எழுதிய புத்தகம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சிலந்திக்கு வலை பின்ன யாரும் கற்றுத்தருவதில்லை. கற்காமல் வருவது எதுவோ அது. அப்படியானால் விளையாட்டைப் பொறுத்தவரை இந்தச் சொல் தலைகீழாகப் பிரயோகமாகிறது. பூப்பந்து ஆடப் பிறந்த பிராணி எதுவும் கிடையாது. 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செஸ் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அவர்களுக்கு முன்பே டச்சுக்காரர் டி குரூட் செய்ததன் தொடர்ச்சி அது. நிஜ ஆட்டம் ஒன்றின் நடுநிலையை ஐந்து வினாடி காட்டி மறைத்துவிட்டுக் காய்களைத் திரும்ப வைக்கச் சொன்னால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் சரியாக வைத்துவிடுகிறார். கற்றுக்குட்டி நாலைந்து காய்களுக்கு மேல் வைப்பதில்லை. அதே காய்களை அர்த்தமில்லாமல் வாரி இறைத்துக் காட்டினால் இருவருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆக, தேர்ந்தவனின் கண் விசேஷமான கண் அல்ல. அது முன்னால் பார்த்ததைத் திரும்பப் பார்க்கிறது.

விஸ்வநாதன் ஆனந்த் 1980களில் மற்றவர்கள் ஒரு காயை நகர்த்த எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி ஆட்டத்தை முடித்துவிடுவார். இதைப் பார்த்துப் பிறவி மேதை என்றார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் மின்னல் ஆட்டம் ஆடுவார்கள். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம். உட்கார்ந்திருக்க ஆசைப்பட்ட ஒரு பையனுக்கு வந்த வேகம் அது.

உயரே போன பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் விஷயமும் இதே ஜாதி. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இது பெரிய வித்தை. வில்லி மேஸ் 1954இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், பந்துக்கு முதுகைக் காட்டி ஓடிப்போய்த் தலைக்கு மேலாகப் பிடித்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1968இல் சாப்மன் என்ற பௌதிகக்காரர் ஒரு விளக்கம் தந்தார்: நேர் எதிரே வரும் பந்தை நோக்கிச் செல்கிறவன் அது எங்கே விழும் என்று கணக்குப் போடுவதில்லை, பந்தைப் பார்க்கும் பார்வைக் கோணம் ஒரே சீராக ஏறும்படி தன் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால் பந்து இருக்கும் இடத்துக்கு அவன் வந்து சேர்ந்துவிடுகிறான். அதன் பிறகு இந்த விளக்கத்தில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. விஷயம் அதுவல்ல. பிடிப்பவனைக் கேட்டால் அவனுக்கு இதெல்லாம் தெரியாது. ‘போனேன், கையில் வந்தது’ என்பான். செய்யத் தெரிவதும் சொல்லத் தெரிவதும் வேறு வேறு என்று கில்பர்ட் ரைல் 1949இல் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதை பி.ஏ. வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. பூந்தமல்லியில் ஒரு வங்கிக் கிளையில், கேஷ் கவுண்டரில் புரிந்தது.

2016இல் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைமைக் காசாளர் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தவர். முப்பது வருஷம் நோட்டு எண்ணிய விரல்கள். எண்ணும் யந்திரம் பக்கத்திலேயே இருந்தும் அவர் கையால் எண்ணுவார். கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கும், வாய் அவரோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் கட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று விரல் நிற்கும். அந்த நோட்டை உருவிப் பார்த்தால் கள்ளநோட்டு. எப்படி சார் என்று கேட்டேன். ‘நிக்குது தம்பி’ என்றார். அவர் நிறுத்தவில்லை, விரல் நின்றது. எனக்கு நிற்கவில்லை. சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு ஐந்நூறு ரூபாய்க் கள்ளநோட்டை வாங்கிப் போட்டுவிட்டுக் கைக்காசை வைத்து ஈடு கட்டினேன். வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. அவருக்கு இது பதினைந்து வருஷம் முன்பே தெரிந்த செய்தி.

அந்த நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. புது ஐந்நூறு வந்தபோது அது 66 மில்லிமீட்டர் அகலம், 150 நீளம். பழையது 73க்கு 167. காகிதத்தின் அளவு மாறிவிட்டது, அச்சு மாறிவிட்டது, கட்டு கையில் உட்காரும் விதம் மாறிவிட்டது. தெருக்கோடி வரை வரிசை நிற்க, தலைமைக் காசாளரின் விரல்கள் தடுமாறியதை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். எண்ணிக்கை விட்டுப்போய்த் திரும்ப எண்ணினார். யந்திரத்தில் போட்டுச் சரிபார்த்தார். ஒரு நாள் மத்தியானம் கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷ நேக்கு ஒரே ராத்திரியில் காலாவதியாகிவிட்டது. பிறவிச் சொத்தாக இருந்திருந்தால் எந்த அரசாங்க உத்தரவும் அதைச் செல்லாததாக்கியிருக்க முடியாது. அது பழைய 500 ரூபாய் நோட்டுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. நோட்டோடு போயிற்று. கோடை வருவதற்குள் புது நோட்டுக்கும் அவர் விரல் நிற்க ஆரம்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கும் இப்போது நிற்கிறது.

இவ்வளவும் ஒப்புக்கொண்டால், ஏன் இதைப் பிறவிக் குணமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. இது அப்பாவித்தனமான பேச்சு அல்ல என்று நினைக்கிறேன். யாருக்கு ‘உள்ளுணர்வு’ கொடுக்கப்படுகிறது, யாருக்கு ‘அறிவு’ கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் விளங்கும்.

ரஞ்சித்சிங்ஜி 1896இல் ஓல்ட் டிராஃபோர்டில் தன் முதல் டெஸ்டை ஆடினார். 62, பிறகு ஆட்டமிழக்காமல் 154. காலுக்கு நேராக வரும் பந்தை மணிக்கட்டின் ஒரு திருப்பலில் பின்பக்கம் அனுப்பிவிடுவார். ஆங்கிலேய எழுத்தாளர்கள் இதில் கீழ்த்திசை மாயத்தையும் மந்திரவாதியின் கைச்சாலத்தையும் கண்டார்கள். அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வது வேறு. கேம்பிரிட்ஜில் பயிற்சியின்போது வேகப்பந்துக்குப் பயந்து வலது கால் விலகிக்கொண்டே இருந்ததால், பயிற்சியாளர் அந்தக் காலைத் தரையோடு கட்டிவைத்தாராம். நகர முடியாத காலோடு நின்றவன் பந்தை வேறு எப்படி ஆட முடியும்? அப்படி வந்தது அந்த அடி. மாயம் என்றவர்கள் அந்தக் கயிற்றைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் 1947இல்தான் பெரிய லீகில் கறுப்பர்களுக்கு மூடியிருந்த கதவைத் திறந்தார். 1955 உலகத்தொடரின் முதல் ஆட்டத்தில் ஹோம் பேஸைத் திருடினார். பந்து வீசுகிறவன் கையை எப்போது தூக்குகிறான், எத்தனை நொடியில் விடுகிறான் என்று கணித்து ஓடும் அந்தச் செயலில் எவ்வளவு புத்தி இருக்கிறது! ஆனாலும் அந்நாட்டில் கறுப்பு ஆட்டக்காரனுக்கு ‘இயற்கையாகவே வருகிறது’ என்றும், வெள்ளை ஆட்டக்காரனுக்கு ‘ஆட்டத்தைப் படித்தவன்’ என்றும் சான்றிதழ் எழுதுவது வெகுகாலம் நடந்தது. இயற்கையாக வருகிறது என்பது பாராட்டு மாதிரி ஒலிக்கும். அவன் பட்ட பாட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது.

நம்மிடம் பல்வங்கர் பாலூ இருக்கிறார். 1876இல் பிறந்தவர், சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தரையை உருட்டிச் சீர்செய்யும் வேலை. கிரெய்க் என்ற துரை பேட்டிங் பழக, மணிக்கணக்கில் வலையில் பந்து வீசினார். வீசுவது வேலைக்காரன் காரியம், மட்டை பிடிப்பது துரை காரியம். அந்த வேலையில்தான் அவருடைய சுழற்பந்து கூர்மையானது. 1911இல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அதே பாலூவுக்குத் தேநீர் பெவிலியனுக்கு வெளியே தனி மண்குவளையில் வந்தது. ஹிந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. தலைமைக்கு வேண்டிய ஆட்ட அறிவு வேறிடத்தில் பிறக்கிறது என்று தீர்மானித்திருந்தார்கள். குலவித்தை கல்லாமல் வரும் என்கிற நம் ஊர் நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள உறவை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எதையும் ரத்தத்தில் வைத்துவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டாம். ரத்தத்தில் இல்லாதவனுக்குக் கற்றுத்தரவும் வேண்டாம்.

இந்த இடத்தில் நம் சொந்த மைதானத்துக்கும் வர வேண்டியிருக்கிறது. தமிழ் விமர்சனத்தில் இதே சண்டை நடந்து முடிந்திருக்கிறது, அல்லது முடியாமல் இருக்கிறது. க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் ஒரே வருஷம், 1912இல், பிறந்தவர்கள். க.நா.சு. ரசனையை நம்பினார். நல்லது என்று படித்தவுடன் தெரியும், பட்டியல் போட்டுவிடலாம், காரணம் கேட்பவனுக்குக் காரணம் சொல்லிப் பயனில்லை என்ற போக்கு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்து அலசல் விமர்சனத்துக்கு வாதாடினார். ஏன் நல்லது என்று பிரதியைப் பிரித்துக் காட்ட வேண்டும். நம் வட்டத்தில் இன்றும் க.நா.சு.வின் கட்சிக்கே கவர்ச்சி அதிகம். ‘அவனுக்குக் கவிதை தெரியும்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதற்குமேல் பேச்சு நின்றுவிடுகிறது. அது அப்பாவின் நேக்கு இல்லாமல் வேறென்ன? க.நா.சு.வின் விரல் நின்ற இடங்களில் பெரும்பாலும் அது சரியாகவே நின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விரலுக்குப் பின்னால் எத்தனை மொழியின் எத்தனை நாவல்கள் எண்ணப்பட்டிருந்தன! அவர் படித்ததில் பத்தில் ஒரு பங்கும் படிக்காமல் அவர் தீர்ப்புச் சொன்ன தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தார்கள். நானும் என் இருபதுகளில் அப்படி நாலு மதிப்புரை எழுதியிருக்கிறேன். அவற்றைத் தேடிப் படிக்க வேண்டாம்.

விசித்திரம் என்னவென்றால், அலசலுக்கு வாதாடிய செல்லப்பாதான் ‘வாடிவாச’லையும் எழுதினார். காளை திட்டிவாசலை விட்டுப் பாயும் கணத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்பதைத் தமிழில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி எழுதியதில்லை. பிச்சி காரியை அணைவதை உள்ளுணர்வு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். செல்லப்பா போகவில்லை. மாட்டின் நோக்கையும் கொம்பின் அசைவையும் மனிதனின் காத்திருப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிறார். அம்புலியின் மகன் என்பதால் மட்டும் பிச்சிக்கு அது வரவில்லை. அப்பன் எப்படிச் செத்தான் என்று தெரிந்தவனாக, அந்த மாட்டையே மனதில் வைத்துக்கொண்டு வாடிவாசலுக்கு வந்தவன் அவன். ஒரு கண நேரச் செயலை விளக்கப் பல பக்கம் தேவைப்படுகிறது என்பதும், அப்படி விளக்கினால் அதன் வேகம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அந்தக் குறுநாவலின் உருவத்திலேயே இருக்கிறது.

சேப்பாக்கத்தின் ஐந்தாவது பந்துக்கும் ஒரு தடவை திரும்பிப் போக வேண்டும். எல்லோரும் சாஸ்திரியைப் பற்றியே பேசுகிறோம். அன்று நேக்கின் பேரில் உண்மையில் விலை கொடுத்தவர் விக்ரம்ராஜூ. பந்து காலில் பட்டதும் அவர் விரல் உடனே உயர்ந்தது. மட்டையில் பட்ட பிறகே காலில் பட்டது என்று மணீந்தர் இன்றுவரை சொல்கிறார். திரும்பிப் பார்க்க யந்திரமில்லாத காலம். நடுவரின் தொழில் முழுக்க இந்த விரலில்தான் இருக்கிறது. யோசித்து உயர்த்தினால் சந்தேகப்படுவார்கள், உடனே உயர்த்தினால் அவசரம் என்பார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. ஆட்டக்காரனுக்குத் தப்பான உள்ளுணர்வு ஒரு விக்கெட். அவருக்கு அதுவே கடைசி டெஸ்ட். தப்புத்தானா என்பதுகூட நிச்சயமில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ரஞ்சியின் கால் கதை அவருக்குப் பிடித்திருந்தது. மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வாசலுக்குப் போன பிறகு ஒன்று சொன்னாள். கல்யாணமான புதிதில் நாங்கள் ஓ.டி.யில் ஒண்டுக்குடித்தனம். அப்பா ராத்திரி ஷிப்டு முடித்து விடியற்காலை வருவார். வந்தவர் வீட்டுக்குள் வராமல், பின்னாலிருந்த காலி மனையில் பாதி எழும்பி நின்றுபோன ஒரு சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பாராம். தேய்ந்துபோன பந்தாக எடுத்து வைத்துக்கொள்வார். அதுதான் கோணல்மாணலாகத் திரும்பி வரும். காற்று உள்ள நாளில் வெகுநேரம். ஆறு வருஷம், ஏழு வருஷம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறை. ‘பிராக்டிஸ் பண்ணி வந்துச்சுன்னு தெரிஞ்சா மதிக்க மாட்டானுங்க’ என்பாராம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதினோரு வயதில் என்னை ஒரு மாலை நேரம் மட்டும் பின்வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, வராது என்று மட்டையை வாங்கிக்கொண்டவர். அந்தச் சுவரை எனக்கு ஏன் காட்டவில்லை? பிறகு வேறு மாதிரியும் தோன்றியது. எட்டு மணி நேரம் லேத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் அளவு உண்டு, நேரம் உண்டு, கணக்கு உண்டு. அவன் செய்வதெல்லாம் உழைப்பு என்று மேஸ்திரி எழுதி வைத்துக்கொள்கிறான். உழைக்காமல் தனக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்திருக்கிறது. பாலூவின் கதையில் அடுத்தவர்கள் மறைத்த உழைப்பை இங்கே இவரே மறைத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றுதானா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் அந்தக் கடைசி ஓவரின் படம் ஃபோனில் கிடைத்தது. அப்பா டிரான்சிஸ்டரில் மட்டுமே கேட்ட ஓவர். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பாருங்கள் என்று நீட்டினேன். கண்ணாடியைத் தேடப்போனவர் பாதியில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

‘எதுக்குடா? நான்தான் அன்னிக்கே பாத்தேனே.’